நம்ம ஊர் மரத்துக்கு யார் கணக்கு வைக்கிறது?

மரம் நடுவதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாச்சு. நட்டு நூறு வருஷம் ஆன மரத்தை ஒரு சின்ன ஊர் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இம்மாதப் பாடம்.

தைப்பிங் ஏரிப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஈயம் தோண்டிய நிலத்தை 1880-இல் பூங்காவாக மாற்றினார்கள். அங்கே சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நூறு வயதைத் தாண்டியவை. கிளைகள் சாலையைக் கடந்து ஏரித் தண்ணீரைத் தொடும். மாலையில் இலை மடங்குவதால் மலாய்க்காரர்கள் இதை 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா என்றாலும் இன்று தைப்பிங்கின் முகமே அதுதான்.

ஆனால் தைப்பிங்கில் வருஷத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மண் ஊறிப்போய், கிளையும் நனைந்து கனத்திருக்கும்போது காற்று அடித்தால் என்ன ஆகும்? 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஓர் உயிர் போனது. பல வாகனங்கள் நசுங்கின. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 270 வயதான தெம்புசு மரம் விழுந்து ஒரு பெண் இறந்தார். இத்தனைக்கும் அது முறையாகப் பரிசோதிக்கப்பட்டு வந்த பாரம்பரிய மரம். பார்த்துக்கொண்டிருந்த மரமே விழும் என்றால், யாருமே பார்க்காத மரத்தின் கதி?

இதனால்தான் மரக் கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அது நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் வரைபடத்தில் குறிப்பார்கள். என்ன இனம், எவ்வளவு உயரம், தண்டின் சுற்றளவு என்ன, கடைசியாக எப்போது கழித்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணோடு சேரும். தண்டை வழக்கமாகத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 2.4 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் சுமார் 76 சென்டிமீட்டர். சிங்கப்பூர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இப்படி இணைய வரைபடத்தில் போட்டிருக்கிறது. அவ்வளவு பணம் சின்ன ஊருக்கு இல்லைதான். ஆனால் நாலு தெரு மரங்களுக்கு ஓர் அளவு நாடாவும் கைப்பேசியும் போதுமே!

எண்ணிக்கையைவிட முக்கியம், மரத்தின் நிலைமை. அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? ஒரு பக்கத்து மண் புதிதாக மேலே எழும்பி வெடித்திருக்கிறதா? மரச்சுத்தியலால் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஊராட்சி மன்றத்துக்குச் சொல்ல வேண்டும். இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே பொந்து விழுந்த மரமும் பல வருஷம் தளதளவென்று தழைக்கும். பயந்துபோய் உச்சியை மொட்டையாக வெட்டுகிறார்களே, அது இன்னும் மோசம். வெட்டிய இடம் அழுகும். அங்கே திமுதிமுவென்று முளைக்கும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு; அடுத்த புயலில் முதலில் முறிவது அவைதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் உண்டு. 1995-இல் அதில் மரப் பாதுகாப்புப் பகுதியைச் சேர்த்தார்கள். அதன்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. இந்தச் சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டரில் அளக்க வேண்டும், 1.3 மீட்டரில் அல்ல. செத்த மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சாக்காக வைத்து நல்ல மரத்தையும் சாய்த்துவிடலாம். முன்கூட்டியே எடுத்த அளவும் தேதியோடு கூடிய படமும் நம் கையில் இருந்தால், "இது போன வருஷம் நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்க முடியும்.

நம்ம கோயில் மரங்களையும் கேட்டாக வேண்டும். அரசமரத்தடியில் பிள்ளையார் இருப்பார். சுற்றி மேடை கட்டி, தண்டை ஒட்டி சிமெண்ட் பூசி, டைல்ஸ் பதித்து, விளக்குக்கு ஆணி அடித்து, வேர் மேலேயே சூடம் கொளுத்துகிறோம். பக்தியோடுதான் செய்கிறோம், ஆனால் வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. பிறகு கிளை விழுந்தால் மரத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்? சிமெண்டைத் தண்டைவிட்டுத் தள்ளி உடைத்தெடுத்து, அந்த வட்டத்தில் மண்ணும் சருகும் போட ஆலய நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். பெரியவர்கள் முதலில் முறைப்பார்கள். தல விருட்சத்துக்குச் செய்யும் சேவை என்று எடுத்துச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்பது என் கணிப்பு.

செயல்பாடு: மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். உங்கள் கோயிலைச் சுற்றி 200 மீட்டருக்குள் உள்ள மரங்களுக்கு எண் போட்டு, இரண்டு உயரத்திலும் சுற்றளவை அளந்து, அடித்தண்டைப் படமெடுத்து அட்டவணையில் எழுதுங்கள். இனம் தெரியாவிட்டால் இலையைப் படமெடுத்தால் போதும். மரத்தில் ஆணி அடித்து எண் மாட்டாதீர்கள்! சந்தேகப்படும் மரங்களைச் சிவப்பு மையில் குறித்து, அடுத்த வகுப்புக்கு இரண்டு நகல் கொண்டு வாருங்கள். ஒன்று ஆலய நிர்வாகத்துக்கு, இன்னொன்று நகராண்மைக் கழகத்துக்கு.