உதடு சிவந்திருந்தும் உயிர் போனது ஏன்?



உட்கார்ந்த இடத்திலேயே சில விநாடிகள் மூச்சை அடக்கிப் பாருங்கள். (நீருக்குள் இதைச் செய்யவே கூடாது!) சற்று நேரத்தில், "மூச்சு விடு" என்று உடல் உங்களை நெருக்கத் தொடங்கும். காரணம் என்ன? உயிர்வளி தீர்ந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். உண்மையில் அந்த நேரத்தில் உங்கள் இரத்தத்தில் உயிர்வளி போதுமான அளவு இருக்கும். உங்களைத் தவிக்க வைப்பது, வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேரும் கரிவளிதான். மூளையின் அடிப்பகுதியில் உள்ள சுவாச மையம் அந்தக் கூடுதலை விரைவில் உணர்ந்துகொள்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சுவாசத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. உயிர்வளியை உள்ளே கொண்டுவருவது முதல் வேலை. கரிவளியை வெளியேற்றுவது இரண்டாவது வேலை. நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி உள்ளது; கரிவளி 0.04 விழுக்காடு மட்டுமே. வெளிவிடும் காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைகிறது. கரிவளி ஏறத்தாழ 4 விழுக்காடாக உயர்கிறது. இந்த இரு வேலைகளில் எது தடைபட்டாலும் அதைச் சுவாசப் பற்றாக்குறை என்கிறோம்.

முதல் வேலை நடக்கிறதா என்பதை ஓரளவு கண்ணாலேயே காணலாம். உயிர்வளி வெகுவாகக் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாயும். இரண்டாவது வேலை நின்றுபோனால் அப்படி எளிதில் தெரியாது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாததால் உயிர்கள் போயின. கண்டுகொண்டபோது மருத்துவ வரலாறே மாறியது. அது நடந்த இடம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன், ஆண்டு 1952.

கோபன்ஹேகனில் போலியோ

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அந்நகரில் போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனைக்கு, நோய் உச்சத்தில் இருந்தபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நோயாளிகள் வந்தனர். போலியோ கிருமி நரம்புகளைத் தாக்கும். சிலருக்குச் சுவாசத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தன. அவர்களில் பலர் சிறுவர்கள்.

அக்காலத்தில் 'இரும்பு நுரையீரல்' என்ற கருவி இருந்தது. நோயாளியின் தலையைத் தவிர உடல் முழுவதையும் ஓர் உருளைக்குள் வைத்து, உள்ளே உள்ள காற்றழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது மார்பு விரியும். காற்று உள்ளே போகும். பிளெக்டாமில் அத்தகைய கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பை மட்டும் மூடும் சிறிய கருவிகள் 6 இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டனர்.

ஓர் எண், இரண்டு விளக்கங்கள்

மருத்துவர்களை ஒரு புதிர் குழப்பியது. உயிர்வளி கொடுக்கப்பட்ட நோயாளிகளின் உதடு சிவப்பாகவே இருந்தது. ஆனாலும் உடல் வியர்த்தது, இரத்த அழுத்தம் ஏறியது, நினைவு தப்பியது. முடிவில் உயிர் பிரிந்தது. இரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட்டையும் சேர்த்துக் கணக்கிடும் 'மொத்தக் கரிவளி' மிகுதியாக இருந்தது. பைகார்பனேட் கூடினால் இரத்தம் காரத்தன்மை அடைந்திருக்கலாம். ஆகவே, புரியாத ஏதோ காரணத்தால் இரத்தம் காரமாகிவிட்டது என்று மருத்துவர்கள் கருதினர்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை ஆலோசனைக்கு அழைத்தார். இப்சன் அதே எண்ணை வேறு விதமாகப் பார்த்தார். கரிவளி வெளியேறாமல் தேங்கினாலும் அந்த எண் உயருமே! கரிவளி நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலம் உண்டாகும் என்பதை நீங்கள் வேதியியலில் படித்திருப்பீர்கள். அப்படியானால் இரத்தம் காரமாக அல்ல, அமிலமாக மாறியிருக்க வேண்டும்.

இரண்டு விளக்கங்களில் எது சரி? வாதாடித் தீர்க்க வேண்டியதில்லை. அளந்து பார்த்தால் போதும். நலமாக உள்ளவரின் தமனி இரத்தத்தில் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்கும். காரம் என்றால் அது கூடும். அமிலம் என்றால் குறையும். மருத்துவமனை ஆய்வகத்தின் தலைவர் பௌல் ஆஸ்ட்ரப் அளந்து பார்த்தார். பிஎச் குறைந்திருந்தது. இப்சன் சொன்னதே சரி.

கைகளால் ஓடிய மூச்சு

1952 ஆகஸ்டு 27ஆம் நாள், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமிக்கு இப்சன் சிகிச்சையைத் தொடங்கினார். கழுத்தில் சிறு துளையிட்டு, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் பொருத்தப்பட்டது. அதனுடன் ஒரு ரப்பர் பை இணைக்கப்பட்டது. சிறுமி திமிறியதால் முதலில் காற்று சரியாகச் செல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் சிலர் நம்பிக்கை இழந்து வெளியேறினர். இப்சன் மயக்க மருந்து கொடுத்துத் திமிறலை அடக்கிவிட்டு, பையை அழுத்தினார். மார்பு ஏறி இறங்கியது. தேங்கிய கரிவளி வெளியேறியது. சிறுமி பிழைத்தாள்.

ஆனால் மற்ற நோயாளிகளுக்கு யார் இரவும் பகலும் பையை அழுத்துவது? மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் வந்தனர். ஏறத்தாழ 1,500 பேர் முறைபோட்டுப் படுக்கையருகே அமர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 165,000 மணி நேரம் பையை அழுத்தினர். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள் அவர்கள். இறப்பு விகிதம் 87 விழுக்காட்டிலிருந்து முதலில் ஏறத்தாழ 40க்கும், பின்னர் ஏறத்தாழ 25க்கும் இறங்கியது.

இந்த அனுபவத்தை லாசன் 1953 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். இதில் ஓர் ஆய்வுப் பாடமும் உண்டு. இது 'முன்–பின்' ஒப்பீடு. அத்தகைய ஒப்பீட்டில், பின்னால் வந்தவர்களின் நோய் கடுமை குறைந்திருந்ததா, வேறு கவனிப்பும் மேம்பட்டதா என்ற கேள்விகள் எழும். அதனால்தான் இன்று, இயன்றவரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள்.

1953 இறுதியில் இப்சன் கோபன்ஹேகனில் அமைத்த சிறப்புப் பிரிவு, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாயிற்று. பையை அழுத்திய கைகளின் இடத்தைச் செயற்கைச் சுவாச இயந்திரம் பிடித்தது. ஆஸ்ட்ரப் இரத்தத்தின் பிஎச் அளவைக் கொண்டு கரிவளி அழுத்தத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார்.

இன்றும் அதே எச்சரிக்கை

விரலில் மாட்டும் உயிர்வளி அளவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி அறிமுகப்படுத்திய உத்தி அது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதைக் கொண்டு, உயிர்வளி ஏற்றிய ஹீமோகுளோபினின் விழுக்காட்டைக் காட்டுகிறது. ஆனால் அது முதல் வேலையை மட்டுமே பார்க்கிறது. தசை தளர்ந்த ஒருவருக்கு உயிர்வளி கொடுத்தால், மூச்சு குறுகியதாக இருந்தாலும் திரையில் 98 என்று காட்டக்கூடும். அதே வேளையில் கரிவளி ஏறிக்கொண்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தால், கழிவுக்குழாய் அடைத்துத் தொட்டி நிரம்புவது தெரியுமா?

எனவேதான் தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனி இரத்தத்தை எடுத்துக் கரிவளி அழுத்தத்தையும் அளக்கிறார்கள். அது பொதுவாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசம் பெறுபவரின் வெளிமூச்சில் உள்ள கரிவளியையும் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

ஓர் எண் நலமாகத் தெரியும்போது, "இது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை?" என்று கேளுங்கள். 1952இல் உயிர் காத்தது அந்தக் கேள்விதான்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. மூச்சு குறுகியிருந்தும் கூடுதல் உயிர்வளி பெறும் ஒருவரின் உதடு சிவப்பாக இருப்பது ஏன்?
2. இரத்தத்தில் கரிவளி கூடும்போது பிஎச் அளவு குறைவதை விளக்குக.
3. முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தனர். 87 விழுக்காடு என்ற கணக்கைச் சரிபார்க்கவும். இந்த ஒப்பீட்டை மேலும் நம்பத்தக்கதாக்க வேறு எந்த விவரங்களைக் கேட்பீர்கள்?