நீளமுடிக்கு ஷாம்பு கட்டி: ஒரு முழுமையான வழிகாட்டி

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பின்னல் 80 சென்டிமீட்டர் இருந்தால், அதன் நுனியில் தொங்குவது ஆறேழு வருடங்களுக்கு முன்னால் முளைத்த முடி. அத்தனை வருட வெயிலையும் சீப்பையும் ரப்பர் பேண்டையும் அது பார்த்துவிட்டது. வேர்ப்பக்கம் இருப்பதோ போன மாதத்து முடி. அம்மாவின் கூறைப்புடவையையும் நேற்று வாங்கிய துண்டையும் ஒரே வாளியில் ஊறப்போட்டுக் கும்ம மாட்டோம். தலைக்குக் குளிக்கும்போது மட்டும் வேருக்கும் நுனிக்கும் ஒரே தேய்ப்புத் தேய்க்கிறோம்.

ஷாம்பு கட்டிக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பாட்டில் ஷாம்பு வழுக்கிக்கொண்டு தானே பரவிவிடும். கட்டியை நாம்தான் தேய்க்க வேண்டும். அதனால் எங்கே தேய்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டியிருக்கிறது. தேய்க்க வேண்டியது தலைத்தோலை. நுனிக்கு வழிந்துவரும் நுரையே போதும்.

## படி 1: கட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஒரே மாதிரி வட்டமாக, ஒரே மாதிரி செம்பருத்திப் படம் போட்டிருந்தாலும் கடையில் கிடைக்கும் ஷாம்பு கட்டிகள் இரண்டு வகை. ஒன்று சோப்பு. தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய், விளக்கெண்ணெய் போன்றவற்றோடு காஸ்டிக் சோடா கரைசலைச் சேர்த்து உறையவைப்பது. இன்னொன்று சோப்பே அல்ல. பாட்டில் ஷாம்புவில் இருப்பது போன்ற நுரைப்பொருள்களையே தண்ணீர் இல்லாமல் அழுத்திக் கட்டியாக்கியது.

பொருள்பட்டியலில் சோடியம் பாமேட், சோடியம் கோகோயேட், சோடியம் ஆலிவேட் என்று இருந்தால் அது சோப்பு. சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்று முதலிலேயே வந்தால் இரண்டாம் வகை. நாக்கு சுளுக்கும் பெயர்தான், ஆனால் தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து எடுக்கப்படும் மென்மையான நுரைப்பொருள் அது. பெயர் நீளமாக இருப்பதாலேயே பயந்து ஒதுக்கிவிட வேண்டாம்.

வித்தியாசம் எங்கே தெரியும்? தலைத்தோலின் பிஎச் அளவு சுமார் 5.5, அதாவது லேசான அமிலம். சோப்பின் அளவு 9-லிருந்து 10 வரை போகும், அது காரம். முடியின் மேல்பக்கம் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில் அடுக்கியது. காரம் பட்டால் அந்த ஓடுகள் தூக்கிக்கொள்ளும். பக்கத்து முடியோடு மாட்டிச் சிக்கு விழும். தோள்வரை முடி உள்ளவர்கள் இதைக் கவனிக்காமலே போய்விடலாம். இடுப்புவரை முடி உள்ளவர் அன்றைக்கு அரைமணி நேரம் சீப்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இரண்டாம் வகைதான். சோப்பு வகையும் வேலை செய்யும், ஆனால் தண்ணீர் ஒத்துழைக்க வேண்டும்.

## படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

என் முதல் ஷாம்பு கட்டி ஒரு கைவினைச் சந்தையில் வாங்கியது. வேப்பிலை, கற்றாழை, என்னென்னவோ போட்ட அழகான சோப்பு. போர் தண்ணீரில் குளித்துவிட்டு உலர்த்தினால், தலையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்த மாதிரி பிசுக்கு. சீப்பில் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டியது. எண்ணெய் போகவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் அதிகமாகத் தேய்த்தேன், இன்னும் மோசமானது. தப்பு கட்டியிலும் இல்லை, என் தலையிலும் இல்லை. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவு உண்டாகும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும் அதே பிசுக்குத்தான், முடியில் படிந்திருந்தது.

இந்தியக் குடிநீர்த் தரநிலை மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரையும் அனுமதிக்கிறது. உங்கள் வீட்டு அளவு தெரியாவிட்டால் சமையலறையில் கேளுங்கள். பருப்பு வேக நேரமாகிறதா, குழாய் முனையில் வெள்ளையாகக் கட்டுகிறதா? அது உப்புத்தண்ணீர்தான்.

சோப்பு வகைக் கட்டி வாங்கியிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். அதிலிருந்தே ஒரு சிட்டிகை துருவி, பாதி பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்லது. நுரை அமுங்கிப் பால் திரிந்த மாதிரி திட்டுத்திட்டாக மிதந்தால், அந்தக் கட்டியும் அந்தத் தண்ணீரும் உங்கள் தலையில் சேரக் கூடாது.

காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும், முழுக்கப் போகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி இரண்டு செம்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியே போகும் கழிவுநீரைத் தலைக்கு ஊற்றும் சிக்கனம் மட்டும் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

## படி 3: சிக்கெடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போங்கள்

நனைந்த முடி காய்ந்த முடியைவிட அதிகம் இழுபடும், எளிதில் அறும். அதனால் சிக்கைக் காய்ந்திருக்கும்போதே, பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போய்க்கொண்டே எடுக்க வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாகும்.

குளிக்க அரைமணி நேரம் முன்னால் நுனிப்பக்கம் மட்டும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் ரெலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தப் பலன் இல்லை. தலை முழுக்க நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கும் நாளென்றால் கட்டியை ஓரமாக வைத்துவிடலாம். அவ்வளவு எண்ணெயை எடுக்க அதை மூன்று தடவை போட வேண்டியிருக்கும். அன்றைக்குச் சீயக்காயோ அரப்போதான் சரி.

## படி 4: நனை, தேய், வழியவிடு

பாதிப் பேர் அவசரப்படுவது நனைப்பதில்தான். நீளமுடி, அதுவும் அடர்த்தியாக இருந்தால், உள்பக்கம் நனைய இரண்டு நிமிடமாவது ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, விரலை விட்டுப் பிரித்துப் பிரித்து நனையுங்கள். அரைகுறையாக நனைந்த தலையில் கட்டி திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கட்டியை உள்ளங்கையில் உருட்டி நுரை எடுத்து வகிட்டிலும் காதுக்கு மேலும் பிடரியிலும் வையுங்கள். முடி அடர்த்தி என்றால் நேராகக் கட்டியையே அந்த இடங்களில் முடி போகும் திசையில் இரண்டு இழுப்பு இழுக்கலாம். வட்டமாகத் தேய்த்தால் சிக்கு நிச்சயம். துணி துவைப்பது போல முடியை உச்சியில் குவித்துக் கசக்கவும் வேண்டாம். அது தொங்கியபடியே இருக்கட்டும்.

இனி விரல் நுனிக்கு வேலை, நகத்துக்கு அல்ல. ஷாம்பு என்ற சொல்லுக்கே ஆதியில் அமுக்கிப் பிசைவது என்றுதான் பொருள். இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் குளியலகம் நடத்தி, வெள்ளைக்காரர்களுக்குச் செய்துவிட்ட 'ஷாம்பு' உடம்பு பிடித்துவிடுவதுதான். நுரைக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. தலைத்தோலை ஒரு நிமிடம் நிதானமாக அமுக்கித் தேய்த்தால் போதும், நுரை பொங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும்போது நுரை தானே முடி வழியாக இறங்கும். அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை நீவிவிடுங்கள். நுனிக்கு அவ்வளவுதான் குளியல். அலச மட்டும் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பிடரி, பிசுக்கு அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

## படி 5: கடைசி அலசல்

சோப்பு வகைக் கட்டி போட்டவர்களுக்கு அமில அலசல் கட்டாயம். தூக்கிக்கொண்ட செதிலை அது படியவைக்கும், பிசுக்கையும் கொஞ்சம் இளக்கும். இரண்டாம் வகைக்கு விருப்பம்போல.

எளிமையானது வினிகர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. ஆப்பிள் வினிகர்தான் வேண்டும் என்றில்லை, மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண வினிகரும் அமிலம்தான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து மெதுவாக ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். உலர்ந்ததும் வாசனை போய்விடும். எலுமிச்சையென்றால் அதே ஒரு லிட்டருக்கு அரைப் பழம், விதையும் சக்கையும் இல்லாமல் வடிகட்டி. எலுமிச்சை பட்ட தோலோடு வெயிலில் போய் நிற்காதீர்கள், தோல் கருத்துக் கொப்பளிப்பது உண்டு. தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் இரண்டுமே வேண்டாம், எரியும்.

அரிசி கழுவிய தண்ணீருக்கு இப்போது பெரிய மவுசு. சீனாவின் குவாங்சி பகுதியில் ஹுவாங்லுவோ கிராமத்து யாவோ இனப் பெண்கள் புளிக்கவைத்த அரிசித் தண்ணீரில் முடி அலசுவது உலகமெல்லாம் பேசப்படுகிறது. நம் வீடுகளில் கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போனது, வடிகஞ்சி சீயக்காய்த் தூளைக் குழைக்கப் போனது. முடி நீண்டு வளரும் என்ற வாக்குறுதியை நான் நம்பவில்லை. முடி வழவழப்பாகி, சீப்பு நழுவும் என்பது அனுபவம். இரண்டாவது தடவை கழுவிய தண்ணீரை எடுத்து, வாரம் ஒருமுறை நுனிப்பக்கம் ஊற்றி, ஐந்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். அடிக்கடி செய்தால் முடி விறைத்துப் போகும்.

செம்பருத்தி இலை நான்கைந்தைத் தண்ணீரில் கசக்கினால் வரும் கொழகொழப்பு நல்ல கண்டிஷனர். வெந்தயம் ஊறவைத்த தண்ணீரும் அப்படித்தான். இரண்டையும் மெல்லிய துணியில் வடிகட்டியே தீர வேண்டும். நீளமுடியில் சிக்கிய வெந்தயத் தோலைப் பொறுக்குவதைவிட அலசாமலே இருந்துவிடலாம். சமையல் சோடா போடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். அதுவும் காரம்.

## படி 6: முதல் மாதம்

மாறிய புதிதில் தலை பிசுபிசுப்பது 'நச்சு வெளியேறுவது', பொறுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். முடி உயிரில்லாத நார், அதிலிருந்து வெளியேற எதுவும் இல்லை. நாலு குளியலுக்குப் பிறகும் மெழுகு மாதிரி இருந்தால் அது படிவு. கட்டியை மாற்றுங்கள்.

உதிர்வைப் பார்த்தும் பயப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அந்த வாரத்துச் சேமிப்பில் பெரும்பகுதி அன்றைக்கே கையில் வரும். நீளமுடி என்றால் பந்தாகத் தெரியும். திட்டுத்திட்டாகக் கொட்டினாலோ, தோல் செதிலாக உரிந்து அரித்தாலோ, கட்டியையும் கழுநீரையும் விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

## படி 7: முடியையும் கட்டியையும் உலர்த்துங்கள்

தடித்த டர்க்கி டவலைச் சுற்றித் தலையில் கோபுரம் கட்டினால் அந்தக் கனமே வேரை இழுக்கும். பழைய பருத்தித் துண்டோ வேட்டித் துணியோ வைத்து ஒற்றி எடுங்கள். பட்டுப் பட்டென்று அடித்து உதறும் பழக்கம் நுனியை உடைக்கும். முழுக்க உலராமல் பின்னிவிட்டால் மழைக்காலத்தில் சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடும். சாம்பிராணிப் புகை மணத்துக்கு நல்லது, உலர்த்துவதற்குக் காற்றும் பொறுமையும்தான்.

கட்டிக்கும் இதே கதை. ஓட்டை இல்லாத சோப்புப் பெட்டியில் வைத்தால் அடியில் தேங்கும் தண்ணீரிலேயே பாதி கரைந்துவிடும். ஒரு பிடி தேங்காய் நாரின் மேல் வையுங்கள், தண்ணீர் வடியும். வாங்கியதுமே கட்டியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் வெளியே எடுங்கள். மறுபாதியை அலமாரியில், சேலைகளுக்கு நடுவில் வைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் குளியலறையில் எது கட்டியாக இருந்தாலும் அது உடம்புக்குப் போடும் சோப்புதான் என்பது என் மாமனாரின் முடிவு. நல்ல நுரை வருகிறதே, எந்தக் கடையில் வாங்கினாய் என்று வேறு கேட்டார்.