புகையும் அருவியின் ஊர்

(இறுதியாண்டு இளங்கலை வரலாறு)

முன்னுரை

பண்பாட்டுச் சின்னம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை கோபுரங்கள், கோட்டைகள், கல்வெட்டுகள் முதலியனவே. உரத் தொழிற்சாலை ஒன்றையும், அதற்கு மின்சாரம் தந்த நிலையத்தையும், அங்கு உழைத்தோர் குடியிருந்த வீடுகளையும் பண்பாட்டுச் செல்வம் என்று எவரேனும் கூறினால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வாறே கூறியது. நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியிலுள்ள ரியூகான், நோட்டோடன் என்னும் இரு சிற்றூர்களின் தொழில் எச்சங்கள் அவ்வாண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ரியூகானின் கதையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பெயரும்

இருபுறமும் செங்குத்தான மலைகள். நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அதில் ஓடும் மோனா என்னும் ஆறு. தெற்கே 1,883 மீட்டர் உயரமுள்ள கௌஸ்டாடோப்பன் சிகரம் வானளாவ நிற்கிறது. இவ்வாறு 104 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் இடத்தில் நீர்த்திவலைகள் புகைபோல எழும்பின. அதனால் அவ்வருவி 'புகையும் அருவி' என்னும் பொருளில் ரியூகான் எனப்பட்டது. அருவியின் பெயரே பின்னர் ஊருக்கும் ஆயிற்று. ஓவியர்களும் பயணிகளும் அதனைக் காண நெடுந்தொலைவிலிருந்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கில் இருந்தவை சில பண்ணைகளே.

மின்னலை அடக்கிய இருவர்

நிலத்திலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தை மீண்டும் நிலத்துக்கு ஊட்டவேண்டும். தழைச்சத்து என்பது நைட்ரஜனே. ஐரோப்பிய உழவர்கள் அக்காலத்தில் இதற்குச் சிலி நாட்டு வெடியுப்பை நம்பியிருந்தனர். அந்த இருப்பு தீர்ந்துவிட்டால் உலகம் பசியால் வாடும் என்று 1898-இல் ஆங்கில அறிவியலறிஞர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் பயிர்களால் அதை நேரே உண்ண இயலாது. வானத்து மின்னல் அதைச் சிறிதளவு பிணைத்து மழையோடு மண்ணில் சேர்க்கிறது.

அம்மின்னலைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர்கள் இருவர். ஒருவர் வடதுருவ ஒளியை ஆராய்ந்த இயற்பியல் பேராசிரியர் கிறிஸ்டியன் பிர்க்லேண்ட். மற்றவர் பொறியியலாளர் சாம் எய்டே. இவர்கள் 1903-இல் சந்தித்தனர். மின்காந்த விசையால் இயங்கும் பீரங்கி ஒன்றை உருவாக்க முயன்றுகொண்டிருந்த பிர்க்லேண்டுக்கு மின்வில்லின் ஆற்றல் நன்கு தெரியும். எய்டேயின் கையில் அருவிகளின் உரிமை இருந்தது. ஒருவரிடம் நெருப்பு, மற்றவரிடம் நீர்!

காந்தப் புலத்தில் மின்வில்லை வட்டத் தட்டுப்போல விரித்து, ஏறத்தாழ 3,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதனூடே காற்றைச் செலுத்தினர். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரிக் ஆக்சைடு பிறந்தது. அதைக் குளிர்வித்து, கருங்கல் கோபுரங்களில் நீருடன் சேர்த்து நைட்ரிக் அமிலமாக்கினர். அமிலத்தைச் சுண்ணாம்புக் கல்லோடு வினைபுரியச் செய்து கால்சியம் நைட்ரேட் உரமாக்கினர். 1905-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோன்றியது. நோட்டோடனில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆனால் இம்முறை மின்சாரத்தை வெள்ளமாய் விழுங்குவது. ஆகவே எய்டேயின் பார்வை புகையும் அருவியின்மேல் விழுந்தது.

ஊர் பிறந்த விதம்

மேலேயுள்ள மோஸ்வாட்ன் ஏரியில் நீர் தேக்கப்பட்டது. மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீர், பெருங்குழாய்கள் வழியே வேமோர்க் மின்நிலையத்துக்குள் பாய்ந்தது. 1911-இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் 108 மெகாவாட் திறனுடையது. அன்று உலகிலேயே மிகப் பெரியது. 1909-இல் இருப்புப்பாதை அமைந்தது. இடையிலுள்ள டின் ஏரியைச் சரக்குப் பெட்டிகள் படகிலேறிக் கடந்தன.

இவற்றைச் செய்தவர்கள் யாவர்? நார்வேயில் 'ரல்லார்' என்றழைக்கப்பட்ட நாடோடித் தொழிலாளர்கள். வேலை நடக்குமிடமெல்லாம் மூட்டையுடன் சென்று பாறை பிளந்தவர்கள் இவர்கள். இவர்களுள் பலர் அங்கேயே குடியமர்ந்து ஆலைத் தொழிலாளராயினர். நிறுவனமே வீடுகளையும் தெருக்களையும் அமைத்தது. பத்தாண்டுகளுக்குள் சில பண்ணைகளின் இடத்தில் ஒரு நகரம் எழுந்தது.

ஆயினும் அந்நகரத்தில் ஒரு குறை இருந்தது. செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மலை மறைப்பதால் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் விழுவதில்லை. மேலதிகாரிகளின் இல்லங்கள் சரிவின் உயரத்தில் அமைந்தன. தொழிலாளர் வீடுகள் நிழலில் அமைந்தன. பதவி உயர உயர வீடும் உயர்ந்தது, வெயிலும் கூடியது. 1928-இல் நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தியை ஊருக்கு அன்பளிப்பாகத் தந்தது. குளிர்காலத்தில் மக்கள் அதிலேறி மலைமீது சென்று கதிரவனைக் கண்டு திரும்பினர்.

போரின் நிழல்

1920-களின் இறுதியில், குறைந்த மின்சாரம் வேண்டும் ஹேபர் முறை பழைய மின்வில் முறையை வென்றது. ரியூகானும் அம்முறைக்கு மாறி, நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்தது. அதன் துணைவிளைவாக 1934 முதல் வேமோர்க்கில் கனநீர் கிடைத்தது. அணுக்கரு ஆய்வுக்கு அது தேவைப்பட்டமையால், 1940-இல் நார்வேயைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அதன்மேல் கண்வைத்தனர்.

1943 பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு, ஆங்கிலேயரிடம் பயிற்சி பெற்ற நார்வே வீரர்கள் ஒன்பது பேர் உறைபனிப் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் ஆலைக்குள் புகுந்து கனநீர்க் கலங்களைத் தகர்த்தனர். ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோதோ, பொதுமக்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சிய கனநீரை ஜெர்மனிக்கு எடுத்துச் செல்ல முயன்றபோது, 1944 பிப்ரவரி 20 அன்று டின் ஏரியில் 'ஹைட்ரோ' என்னும் படகு வெடிவைத்து மூழ்கடிக்கப்பட்டது. இறந்தோர் 18 பேர். அவர்களுள் 14 பேர் நார்வே நாட்டவர். தம் மக்களே செல்லும் படகு என்று அறிந்தே வெடி வைத்தார்கள். முன்கூட்டி எச்சரித்தால் செய்தி வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களது இக்கட்டு. இதனை வெறும் வீரக்கதையாக மட்டும் படிப்போர் பாதியையே படித்தவராவர்.

இடித்ததும் தோண்டியதும்

1971-இல் மலைக்குள் அமைந்த புதிய மின்நிலையம் பழைய வேமோர்க்கின் வேலையை ஏற்றுக்கொண்டது. கனநீர் உருவான ஹைட்ரஜன் ஆலைக் கட்டடம் பயனற்றதாகி, 1977-இல் இடிக்கப்பட்டது. 1988-இல் பழைய மின்நிலையம் நார்வே தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. 1991-இல் இருப்புப்பாதைப் போக்குவரத்தும் நின்றது. இந்நூற்றாண்டில் இடிபாடுகளுக்கடியில் புதைந்திருந்த கனநீர் அறையை அகழ்ந்தெடுத்து மக்கள் பார்வைக்கு வைத்துள்ளனர். அகழ்வாய்வு என்றால் ஆயிரமாண்டுப் பழமையைத் தோண்டுவது என்று எண்ணுகிறோம். இங்கே ஒரு தலைமுறை பயனற்றதென இடித்ததை அடுத்த தலைமுறை மண்வெட்டி கொண்டு தேடியது. எது மரபு என்பதை உரிய காலத்தில் உணராமையின் விலை இதுவே.

1913-இல் ஊரில் எழுந்த மற்றொரு எண்ணமும் நூறாண்டுக்குப் பின் உயிர்பெற்றது. மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பும் அந்தத் திட்டம், ஓவியக் கலைஞர் மார்ட்டின் ஆண்டர்சனின் முயற்சியால் 2013-இல் நிறைவேறியது. சந்தைச் சதுக்கத்துக்கு மேலே 450 மீட்டர் உயரத்தில் மூன்று பெருங்கண்ணாடிகள் கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் ஒளி பாய்ச்சுகின்றன. அந்த வெயிலில் அதிகாரி, தொழிலாளி என்ற வேறுபாடு இல்லை.

முடிவுரை

ரியூகானில் மக்கள்தொகை இன்று மூவாயிரத்தைச் சற்றே மிஞ்சும். புகையும் அருவி பெரும்பாலும் புகைவதில்லை. அதன் நீர் குழாய்களுக்குள் ஓடுகிறது. ஓர் அழகை இழந்து உலகுக்கு உரமும் ஒளியும் தந்த ஊர் அது. ஈட்டியதையும் இழந்ததையும் ஒருசேரப் பாதுகாத்து வைத்திருப்பதே அதன் சிறப்பு என்பேன். மன்னர் எழுப்பியது மட்டுமன்று, பெயரறியாத தொழிலாளி பிளந்த பாறையும் வரலாற்றின் ஏடுதான். வரலாறு பயில்வோராகிய நாம், சான்றுகளைத் தேடும்போது கோயில் வாயிலோடு நின்றுவிடாமல் ஆலை வாயிலையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். அது இடிக்கப்படுவதற்கு முன்னரே பார்த்தல் வேண்டும்.