வலைப்படிவங்களில் இந்திய மொழிப் பெயர்கள்

கர்நாடக மாநிலத்தின் தலைநகர் 2014-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் முதல் ஆங்கிலத்திலும் பெங்களூரு என்றே அரசு முறையில் எழுதப்படுகிறது. இச்சொல்லைத் தமிழில் எழுதினால் கண்ணுக்குப் புலப்படுவன ஐந்து எழுத்துக்கள். கணிப்பொறியோ இதனை ஒன்பது குறியீடுகளாகக் கொண்டு, 27 பைட் இடத்தில் சேமிக்கிறது. கன்னடத்தில் ஙகர மெய்க்கு மாற்றாக அனுஸ்வாரம் என்னும் சுழி வருவதால், எழுத்து நான்கு, குறியீடு எட்டு, பைட் 24. கண் காணும் எழுத்து, கணிப்பொறியின் குறியீடு, சேமிப்பில் அடங்கும் பைட் ஆகிய மூன்றும் வெவ்வேறு கணக்குகள் என்பதை மறந்து அமைக்கப்பட்ட வலைப்படிவங்களால் விளையும் தொல்லைகள் பல. இரண்டு பதிவேடுகளில் ஒருவருடைய பெயர் ஒரு புள்ளியளவு வேறுபட்டாலும் அவருடைய ஓய்வூதியமோ நிலப்பட்டாவோ தடைப்படக் கூடும். ஆதலால் களப்பணியாளர் இதன் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

தொடக்கக் காலக் கணிப்பொறிகள் ஆங்கில எழுத்துக்களுக்கென 128 இடங்களே கொண்டிருந்தன. இந்திய எழுத்துக்களுக்கான பொதுக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடன் வெளியிட்டது. அதே ஆண்டு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடின் முதற்பதிப்பும் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலும், கன்னடத்திற்கு 3200 முதல் 3327 வரையிலும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய முறையின் வரிசையே பின்பற்றப்பட்டதால் தமிழ்க் ககரம் 2965-லும் கன்னடக் ககரம் 3221-லும் அமைந்துள்ளன. இடைவெளி சரியாக 256. இதனை மாணவர்க்குக் காட்டினால் நம் எழுத்துக்களின் உறவு கணக்கின் வழியாகவும் விளங்கும்.

இக்குறியீடுகளைப் பைட்டுகளாக மாற்றும் யு.டி.எஃப்-8 என்னும் முறையை 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் வகுத்தனர். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ், கன்னடக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. அகரத்தின் எண் 2949; அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகச் செல்லும். படிவத்தைக் காட்டும் பக்கம், செய்தியைச் சுமக்கும் இணைப்பு, ஏற்கும் நிரல், சேமிக்கும் பதிவேடு ஆகிய நான்கிடத்தும் இம்முறையே வழங்க வேண்டும். ஓரிடத்தில் பழைய மேலை ஐரோப்பிய முறை புகுந்துவிடின், ஒவ்வொரு குறியீடும் மூன்று அயற்சின்னங்களாகப் பிரிந்து தோன்றும். இதிலும் ஓர் அடையாளம் உண்டு. சாய்கோடிட்ட ஐரோப்பிய 'அ'வை அடுத்து, வட்டத்துள் 'ஆர்' அமைந்த வணிகக் குறி அடிக்கடி வருமாயின் சிதைந்தது தமிழ். மேலேறிய சிறு 2 அல்லது 3 வருமாயின் சிதைந்தது கன்னடம். இவ்வகைச் சிதைவைப் பெரும்பாலும் மீட்கலாம். பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டிருப்பின் மூலம் அழிந்தது; விண்ணப்பதாரரை மீண்டும் கேட்பது தவிர வேறு வழியில்லை.

பெயரில் 'எழுத்து மட்டுமே வரலாம்' என்னும் சோதனையால் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. யூனிகோட் கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை சார்பொட்டுக் குறிகள் என்ற தனி வகை. எனவே அச்சோதனை 'கண்ணன்' என்ற பெயரை மறுக்கும். அல்லது புள்ளிகளை நீக்கி, 'கணணன' என்று சேமிக்கும். சோதனையில் இரு வகைகளையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும். தலைப்பெழுத்தின் பின் வரும் புள்ளிக்கும் இடம் வேண்டும்.

கன்னடத்திற்கு மற்றொரு தேவை உண்டு. புகழ்பெற்ற நடிகர் ராஜ்குமாரின் பெயரைக் கன்னடத்தில் எழுதுகையில் 'ஜ்' தனித்து நிற்க வேண்டுமாயின், அதன் பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறி ஒன்றை இட வேண்டும். அதனை வீண் குறியென்று நிரல் களைந்துவிட்டால் ககரம் ஜகரத்தின் அடியில் ஒட்டெழுத்தாக ஒடுங்கும்; பெயரின் வடிவமே மாறிவிடும். இத்தகைய குறிகளைக் கையாள்வது எளிதன்று. 2018 பிப்ரவரியில், இதே குறி அடங்கிய ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தைக் காட்ட முயன்ற ஆப்பிள் கைப்பேசிகளில் செயலிகள் நின்றுபோயின. நிறுவனம் அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியும் உள்ளே வேறுபடும் பெயர்களும் உண்டு. 'கோபால்' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். முன்னதில் ஆறு குறியீடு, பின்னதில் ஏழு. தேடும் நிரல் இரண்டையும் இரு மனிதராகக் கருதும். சேமிக்கும் முன்னரே யூனிகோடின் இயல்பாக்க விதிப்படி ஒருமைப்படுத்தினால் இக்குறை தீரும். ஆனால் ஔகாரத்திற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று எழுதுவோரின் பிழையை அவ்விதி திருத்தாது. அது தட்டச்சரின் பொறுப்பு.

சிறப்புக் குறிகளில் கடற்கரைக் கர்நாடகத்துக் கிறிஸ்தவப் பெயராகிய டி'சூசா நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள மேற்கோள் குறி, பதிவேட்டுக் கட்டளைகளில் சொற்றொடரின் முடிவைக் காட்டும் குறியாகவும் பயன்படுகிறது. பெயரைக் கட்டளைக்குள் நேரே ஒட்டும் நிரலில் அது பிழை விளைவிக்கும். தீயோர் அவ்வழியே பதிவேட்டையே சிதைக்கவும் இயலும். இதற்கஞ்சிக் குறியைத் தடைசெய்வது, கதவு பழுதென்று வீட்டாரை வெளியே நிறுத்துவது போன்றது. கட்டளையை ஒரு வழியிலும் மதிப்பை வேறு வழியிலும் அனுப்புவதே முறை.

கூட்டற்குறியிலும் கவனம் தேவை. படிவச் செய்தி செல்லும்போது சொற்களின் இடைவெளி கூட்டற்குறியாக மாற்றப்பட்டு, மறுமுனையில் மீண்டும் இடைவெளியாகிறது. உண்மையான கூட்டற்குறியை உலாவி தனிச் சங்கேதத்தால் காக்கும். ஆனால் பணியாளர் தாமே நிரல் எழுதி முகவரியைக் கோத்தனுப்பினால் அப்பாதுகாப்பு இல்லை. அப்போது 'ஓ+' என்னும் இரத்த வகை 'ஓ' என்று மட்டுமே பதிவாகும்.

நீள வரம்பைப் பைட்டுக் கணக்கில் வைத்திருக்கும் படிவங்கள் இன்னும் உள. 20 பைட்டோடு வெட்டினால் பெங்களூரு என்பது 'பெங்கள' என நின்று, அதனருகே கேள்விக்குறி பொறித்த கரிய சாய்சதுரம் தோன்றும். ஏழாவது குறியீட்டின் மூன்றாம் பைட் வெட்டுண்டதே காரணம். குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டே போதும் என்று ஒதுக்கிய பதிவேடுகளும் முழுமையானவை அல்ல. முந்திரி முதலிய பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட் கொள்ளும் பகுதியில் இடம்பெற்றன. பழைய நிலக் கணக்குகளைப் படியெடுப்போர், பணியைத் தொடங்குமுன் ஒரு முந்திரிக் குறியை இட்டுச் சேமித்து, அச்செடுத்து, அது மாறாமல் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.