மூணு வாரம் நிற்காத இருமல்

நான் படிப்பது பொறியியல், மருத்துவம் இல்லை. ஆனாலும் இந்தப் பாடம் நம் எல்லார் வீட்டுக்கும் தேவை: நுரையீரல் புற்றுநோய்.

மருத்துவமனையில் இந்த நோயாளிகளின் விவரத்தைத் தொகுக்கும்போது ஐந்து விஷயங்களை முக்கியமாகப் பார்ப்பார்கள். வயது, புகைப்பழக்கம், அறிகுறி, செல் வகை, நோயின் நிலை. நம் நாட்டில் கடைசி விஷயம்தான் கவலை தருகிறது. 2012 முதல் 2016 வரையான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 100 பேரில் 90 பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோய் தெரிய வந்தது.

ஏன் இவ்வளவு லேட்? நுரையீரலின் உட்பகுதியில் கட்டி வளர்ந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. நெஞ்சுச் சுவரை ஒட்டிய உறையைத் தொட்ட பிறகுதான் வலி தெரியும். சென்சார் இல்லாத மெஷின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுது முற்றிய பிறகுதான் சத்தம் வரும்.

அதனால் சின்ன அடையாளங்களைக் கவனிக்கணும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூச்சு வாங்குவது. குரல் கம்முவதும் ஓர் அடையாளம். குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. அங்கே கட்டி அழுத்தினால் குரல் மாறும். இதெல்லாம் காசநோயிலோ வேறு நோயிலோகூட வரலாம். எதுவென்று டாக்டர்தான் சொல்லணும்.

“எங்க அம்மா சிகரெட்டையே தொட்டதில்லை, அவங்களுக்கு எப்படி வரும்?” என்று கேட்காதீர்கள். புகைதான் முதல் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் ஆசியாவில் புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களில் பலருடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணு மாற்றம் இருக்கும். அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் இப்போது உண்டு. செல் வகையை டெஸ்ட் செய்வது இதற்காகத்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யாராவது ரொம்ப நாளாக இருமுகிறார்களா என்று கவனியுங்கள். “வயசானா அப்படித்தான்” என்று அவர்கள் சொன்னாலும் விடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கூடவே போய், எக்ஸ்ரே எடுக்கணுமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். மருந்து சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லையா? மறுபடியும் கூட்டிப் போங்கள்.