டிராக்டர் எஞ்சின் அடிக்கடி சூடாவது ஏன்?

சேற்றுழவிலும் கதிரடிப்பிலும் டிராக்டர் ஓட்டும் விவசாயிகள் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. "எஞ்சின் கொதிக்கிறது; தண்ணீர் ஊற்றினால் சிறிது நேரம் ஓடுகிறது; மறுபடியும் கொதிக்கிறது" என்பதே அது. தண்ணீர் ஊற்றுவது அப்போதைக்கு உதவுமே தவிர, கோளாறைத் தீர்க்காது. சூட்டைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கட் எரியும், முடிவில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி எஞ்சின் நின்றுவிடும். பருவத்தில் வண்டி பட்டறையில் நின்றால் பழுதுச் செலவோடு நடவும் தள்ளிப்போகும். எனவே காரணத்தை முறையாகக் கண்டறிவது அவசியம். (காற்றினால் குளிரும் எஞ்சின்களுக்கு இக்கட்டுரை பொருந்தாது.)

வெப்பம் வெளியேறும் வழி

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வாட்டர் பம்ப் இந்த நீரைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடச் செய்கிறது. நீர் சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு விடுகிறது. அங்கே விசிறிக் காற்றில் ஆறிய நீர் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது.

ஆகவே சூடு ஏறக் காரணங்கள் நான்கே: நீர் குறைதல், நீர் ஓடாமை, காற்று புகாமை, எஞ்சினே மிகுதியான வெப்பத்தை உண்டாக்குதல்.

எப்போது சூடாகிறது?

1. கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடானால் நீர் குறைந்திருக்கலாம். விசிறி பெல்ட் அறுந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம்.

2. வெறுமனே ஓடும்போது சரியாக இருந்து, உழும்போது மட்டும் சூடானால், ரேடியேட்டர் வெளியே தூசியாலோ உள்ளே உப்புப் படிவாலோ அடைபட்டிருக்கும். அல்லது வண்டியின் சக்திக்கு மீறிய சுமையாக இருக்கும்.

3. வெளியே ஒழுக்கு எதுவுமின்றி நாள்தோறும் நீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் நீரில் ஓயாமல் குமிழி வருவதும், எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருப்பதும் இதற்கு அடையாளங்கள். இந்நிலையில் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டவும்.

வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீர் வற்றிவிட்டால் அதன் உணர்பகுதி நீரில் மூழ்கியிராது. அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் இறங்கியே நிற்கக்கூடும்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதே சிக்கனம். எஞ்சின் நன்கு ஆறிய பின் கீழ்க்கண்டவாறு பார்க்கவும்.

நீர்: மட்டத்தைப் பார்த்து, ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் அடிப்பக்கம், வாட்டர் பம்ப் ஆகிய இடங்களில் ஒழுக்கு உள்ளதா எனக் கவனிக்கவும்.

மூடி: ரேடியேட்டர் மூடி வெறும் அடைப்பன்று. அது உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, நீரின் கொதிநிலையை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்த்துகிறது. அதன் ரப்பர் வளையம் பழுதானால் நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும்.

பெல்ட்: இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும். கையேட்டில் கூறிய அளவுக்கு மேல் தொய்ந்தால் இறுக்கவும். வெடிப்பு இருந்தால் மாற்றவும்.

ரேடியேட்டர்: கதிரடிக்கும்போது பறக்கும் பதரும் தூசியும் தகடுகளின் இடுக்கை அடைத்துவிடும். விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றையோ மெதுவான நீரையோ செலுத்தி நீக்கவும். முன்புறமிருந்து செலுத்தினால் குப்பை மேலும் உள்ளே போகும்.

தெர்மோஸ்டாட்: எஞ்சின் சூடான பிறகும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் நீர் ஓடவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கவும். நீர் கொதிக்கும் முன் அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது பொருத்தவும். அது இல்லாமலேயே ஓட்டுவது தவறு. எஞ்சின் தேவையான சூட்டை அடையாமல் டீசல் வீணாகும், தேய்மானமும் கூடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் ஏர் கிளீனர் அடைப்பு, எஞ்சின் ஆயில் குறைவு, டீசல் பாயும் நேரம் பிசகியிருத்தல் ஆகியவற்றைப் பார்க்கச் செய்யவும்.

கொதிக்கும்போது செய்ய வேண்டியவை

சுமையை நீக்கி வண்டியை நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தாலும் நீர் வெளியேறிவிட்டாலும் எஞ்சினை உடனே அணைக்கவும். மற்றபடி சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்லது. சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டும் பிளாக்கும் வெடிக்கலாம்.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை

உப்பு நிறைந்த கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால், பானையில் காரை படிவது போல எஞ்சினின் நீர்வழிகளில் படிவு ஏறும். படிவு வெப்பத்தைக் கடத்தாது. எனவே உற்பத்தியாளர் கூறிய கூலண்ட்டை உரிய விகிதத்தில் கலந்து ஊற்றி, குறித்த காலத்தில் மாற்றவும். வடித்த பழைய கூலண்ட்டைத் தொழுவத்தருகே கொட்டக் கூடாது. கூலண்ட்டில் பெரும்பாலும் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. ஆடுமாடுகள் நக்கினால் இறக்க நேரிடும்.

நாள்தோறும் வண்டியைக் கிளப்பும் முன் நீர், ஆயில், பெல்ட், ரேடியேட்டர் ஆகிய நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இதை வழக்கமாக்கிக் கொள்ளும் விவசாயி, பருவத்தின் நடுவே பட்டறை வாசலில் காத்திருக்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.