நாய்க்குட்டியை அடிக்காமல் பழக்குவோம்



நம்ம லயங்களில் நாய் வளர்க்காத வீடுகள் குறைவு. மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வந்தால் குரைக்கும். இரவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் நம்மை எழுப்பிவிடும். ஆனால் குட்டியாக இருக்கும்போது காம்பராவுக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டால், "எவ்வளவு அடிச்சாலும் திருந்துதில்லை" என்று சொல்லி, சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுகிறோம். அந்தக் குட்டி ஊசி போடாத கட்டாக்காலி நாயாக வளர்ந்து, நாளைக்கு நம்ம பிள்ளையையே கடிக்கலாம். ஆகவே இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

ஏன் வீட்டுக்குள் போகிறது?

நாய் நம்மைப் பழிவாங்க இப்படிச் செய்வதில்லை. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. காலையில் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனால், பகல் சாப்பாட்டுக்கு நாம் வரும்வரை அது என்ன செய்யும்?

அடிப்பதாலும், மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதாலும் அது ஒன்றைத்தான் படிக்கும்: "இவங்க பார்க்கும்போது போகக் கூடாது." பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். சில குட்டிகள் பயத்திலேயே மூத்திரம் விடும்.

பழக்கும் முறை

1. நேரம்: விடிய அடுப்பு மூட்டும்போதே குட்டியை வெளியே கொண்டுபோங்கள். தூங்கி எழும்பியதும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், விளையாடி முடிந்ததும், இரவு படுக்கும் முன்னும் கொண்டுபோங்கள். பகலில் வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் இந்தப் பொறுப்பைச் சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் இஸ்தோப்பில் ஒரு மூலையை அடைத்து, பழைய பேப்பர் விரித்து விடலாம்.

2. இடம்: தினமும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பீலி, கீரைப் பாத்தி, பிள்ளைகள் விளையாடும் முற்றம், அடுத்த வீட்டு வாசல் ஆகியவை வேண்டாம்.

3. பாராட்டு: வெளியே போய் முடித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுத்து, ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்கு விளங்காது.

4. கவனம்: தரையை மோந்து கொண்டு வட்டமாகச் சுற்றினால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

5. வாடை: பழைய வாடை இருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். சிமெந்துத் தரையைச் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். மண் தரையென்றால் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

6. மழைக்காலம்: ஊவாவில் ஐப்பசி தொடங்கி அடைமழை. குட்டி நனையப் பயந்து உள்ளேயே போகும். குடை பிடித்துக்கொண்டு கூடவே நில்லுங்கள். அல்லது கூரைக்கு வெளியே ஒரு படங்கு கட்டிக்கொடுங்கள். மலையகத்தில் சிறுத்தை நாயைத் தூக்கிப்போவதும் உண்டு. அதனால் இரவில் தனியாக வெளியே கட்டி வைக்காதீர்கள்.

இப்படிச் செய்தால் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். முழுதாகப் பழகச் சில மாதங்கள் ஆகலாம்.

நன்றாகப் பழகிய பெரிய நாய் திடீரென்று உள்ளே போகத் தொடங்கினால் அது நோயாக இருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளின் சுகம்

நாயின் மலத்தில் பூச்சி முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் பல மாதம் உயிரோடு கிடந்து, தவழும் பிள்ளையின் கை வழியாக வயிற்றுக்குள் போகும்; சிலவேளை கண்ணையும் பாதிக்கும். மலத்தை மம்பட்டியால் எடுத்து, தண்ணீர் ஓடாத இடத்தில் புதையுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுங்கள். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• நம்ம குட்டியைக் காலையில் வெளியே கொண்டுபோவது யார்? பகலில் யார்?
• அதற்கு நாம் காட்டிக்கொடுத்த இடம் எது?
• கடைசியாக எப்போது ஊசி போட்டோம்?

முதல் கேள்விக்கு வீட்டில் ஒருவர் "நான்" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.